எழுபது ரூபாய் வானொலி!



அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் அலமாரி போல ஒரு மரப்பெட்டி இருக்கும். முன்பக்கம் வானொலி. மேல்மூடியைத் திறந்தால் இசைத்தட்டு சுழலும் கருவி. இதன் பெயர் ரேடியோகிராம். உள்ளே 'வால்வு' எனப்படும் கண்ணாடிக் குழாய்கள் இருக்கும். காற்றில் வரும் வானொலி அலையானாலும் சரி, இசைத்தட்டில் ஓடும் ஊசி தரும் மெல்லிய துடிப்பானாலும் சரி, அதைப் பெரிதாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புவது இந்த வால்வுகள்தான். சுவிட்சைப் போட்டதும் பாட்டு வராது. வால்வு சூடேறும் வரை காத்திருக்க வேண்டும்!

ரேடியோகிராம் இருக்கட்டும், வெறும் ரேடியோ வாங்கவே அப்போது நூற்றுக்கணக்கில் ரூபாய் வேண்டும். பெரும்பாலானவை வெளிநாட்டுச் சரக்கு. ஏழைகள் கடை வாசலில் நின்று கேட்டால்தான் உண்டு. இந்த நிலையை மாற்ற நினைத்தவர்தான் கோவை ஜி.டி. நாயுடு.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ஆம் நாள் கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி வீசியதால் படிப்பு பாதியில் நின்றது. ஆனால், புத்தகம் படிப்பதை மட்டும் அவர் விடவில்லை. வயல் வேலை போக மீதி நேரத்தில் தானே படித்தார்.

ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து வியந்து போனார். கோவைக்குச் சென்று ஓட்டலில் வேலை பார்த்தார். காசு சேர்த்து அதே போன்ற வண்டியை வாங்கினார். வாங்கியவர் சும்மா ஓட்டவில்லை. பாகம் பாகமாகக் கழற்றி, மறுபடியும் பூட்டிப் பார்த்தார்! அதுதான் அவருடைய பள்ளிக்கூடம்.

1920-இல் ஒரே ஒரு பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். அது வளர்ந்து யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமானது. பேட்டரியால் இயங்கும் சவரக் கருவியை உருவாக்கினார். 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் தயாரித்துக் காட்டினார்.

1941-இல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஐந்து வால்வு வானொலியை எழுபதே ரூபாய்க்குத் தயாரித்துத் தர முடியும் என்று அறிவித்தார். நம்மாலும் செய்ய முடியும், அதுவும் எளியவர்கள் வாங்கும் விலையில் செய்ய முடியும் என்ற அவரது துணிவைப் பார்த்தீர்களா?

தான் கற்றதைப் பிறருக்கும் கற்றுத்தர விரும்பினார். 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்கல்லூரி தொடங்கினார். பல ஆண்டுப் படிப்பைச் செய்முறைப் பயிற்சி மூலம் குறைந்த காலத்திலேயே முடித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். அரசு அதை ஏற்கவில்லை. தன் கொள்கையை விட மனமின்றிப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆனால், கல்லூரி நிற்கவில்லை. அதுவே இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது.

1974 ஜனவரி 4-ஆம் நாள் ஜி.டி. நாயுடு மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரால் அருங்காட்சியகம் உள்ளது.

பள்ளிப் படிப்பை முடிக்காதவர் பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார் என்றால், காரணம் பள்ளியை விட்டது அல்ல, படிப்பை விடாதது! வீட்டில் பழுதான கடிகாரமோ ரேடியோவோ இருந்தால், பெரியவர்களிடம் கேட்டு, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, அவர்கள் துணையுடன் திறந்து பாருங்கள். எது எங்கே இருந்தது என்று வரைந்து வைத்துக்கொள்ள மறக்காதீர்கள். கழற்றுவது எளிது, மறுபடி பூட்டுவதில்தான் பாடம் இருக்கிறது.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், உறுவையாறு