கடுதாசிக் கட்டோடு காந்தியைத் தேடியவர்

செட்டியார் என்றதும் நம் பெரியவர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கோலாலம்பூர் அம்பாங் தெருக் கிட்டங்கி, கிள்ளான் பட்டணத்து வட்டிக்கடை, கணக்குப் பெட்டி, புரோநோட்டு. துண்டு நிலம் வாங்கியவரும் மளிகைக்கடை வைத்தவரும் அங்கேதான் போய் நின்றார்கள். அதே நகரத்தார் குலத்தில் பிறந்து, வட்டிக் கணக்கைத் தொடாமல், படப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு உலகம் சுற்றிய ஒரு செட்டியார் இருந்தார். அவர்தான் ஏ. கே. செட்டியார். மகாத்மா காந்தியைப் பற்றி முழுநீள உண்மைப் படம் எடுத்தவர்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911-ஆம் ஆண்டு பிறந்தார். கருப்பன் என்பது பெயர். இளவயதிலேயே எழுத்தில் ஆசை. பர்மாவுக்குப் போய் இரங்கூனில் ‘தனவணிகன்’ பத்திரிகையை நடத்தினார். பிறகு ஜப்பானில் புகைப்படத் தொழில் கற்றார். அதுவும் போதாதென்று அமெரிக்காவுக்குப் போய் நியூயார்க்கிலும் படித்தார். கையில் பெரிய பணம் கிடையாது. பின்னால் பெரிய கம்பெனியும் கிடையாது.

1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி பிறந்த நாள். நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குப் போகும் கப்பலில் இருந்தார் செட்டியார். காந்தியின் வாழ்க்கையைப் படமாக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் அவருக்குப் பிறந்தது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயதுகூட நிரம்பவில்லை.

படம் எடுப்பது என்றால் காந்தி முன்னால் போய்க் கருவியை நிறுத்துவது மட்டும்தானா? இல்லை. காந்திக்கு அப்போதே அறுபத்தெட்டு வயது. அவர் வாழ்க்கையின் பெரும் பகுதி நடந்து முடிந்துவிட்டது. தென்னாப்பிரிக்கா, லண்டன், தண்டி என்று எங்கெங்கோ யார் யாரோ எடுத்த துண்டுப் படங்கள் பல நாடுகளில் பல கம்பெனிகளின் பெட்டிகளில் கிடந்தன. அவற்றைத் தேடிப் பிடித்து, உரிமை கேட்டு, காசு கட்டி, பிரதி எடுத்து ஊருக்குக் கொண்டுவர வேண்டும்.

இங்கேதான் கடுதாசி வேலை வருகிறது. ஒரு நாட்டுக்குள் போக அனுமதி வேண்டும். கருவியை உள்ளே கொண்டுபோகச் சுங்கத்தில் பதிய வேண்டும். படச்சுருளை வெளியே கொண்டுவர இன்னொரு கையெழுத்து. அந்தக் காலத்துச் சுருள் சட்டென்று தீப்பிடிக்கும். கப்பலில் ஏற்றவே தனி விதி. இந்தியாவுக்குள் வந்தால் தணிக்கை. ஒரு சன்னலில் முடிந்தது என்று நினைத்தால் அடுத்த சன்னல் காத்துக்கிட்டு இருக்கும்.

இன்னொரு சங்கடத்தையும் யோசித்துப் பாருங்க. செட்டியார் பிரிட்டிஷ் ஆட்சியின் குடி. பிரயாணம் செய்வதற்கு அந்த ஆட்சி கொடுத்த பாஸ்போர்ட்தான் கையில். அவர் எடுக்கப் போனதோ அந்த ஆட்சியையே எதிர்த்து நின்ற மனிதரின் கதை! 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் பற்றிய படங்களுக்குத் தடை போட்ட அரசாங்கம் அது. கோபப்பட்டுப் பேசியிருந்தால் கதவு அன்றைக்கே சாத்தப்பட்டிருக்கும். அவர் பேச்சைக் குறைத்தார், நடையைக் கூட்டினார்.

தென்னாப்பிரிக்காவிலோ 1913-ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாக வரும் இந்தியர்களுக்குக் கதவை அடைத்து வைத்திருந்தது. எந்தச் சட்டங்களை எதிர்த்துக் காந்தி அங்கே போராடினாரோ, அவற்றின் வாரிசுகள் இன்னும் உயிரோடு இருந்தன. அந்த மண்ணுக்கும் போய், காந்தி வாழ்ந்த இடங்களைச் செட்டியார் படமாக்கினார். ஐரோப்பாவில் அலைந்தபோது, காந்தியின் தென்னாப்பிரிக்கக் காலத்து நண்பர் போலக் போன்றவர்களின் துணை கிடைத்தது. 1939-இல் உலகப்போர் மூண்டது. அதற்குள் சேர்த்துவிட்டதால் பிழைத்தது; கொஞ்சம் தாமதித்திருந்தால் பல சுருள்கள் கைக்கே எட்டியிருக்காது.

இப்படி ஏறக்குறைய மூன்று ஆண்டு அலைந்து சேர்த்தது சுமார் 50,000 அடி. சலித்து எடுத்தது 12,000 அடி. 1940 ஆகஸ்டு 23-ஆம் தேதி தமிழில் பேசிய அந்தப் படம் சென்னையில் திரைக்கு வந்தது. தெலுங்கிலும் வந்தது. பிறகு போர்க்காலக் கெடுபிடியில் பெட்டிக்குள் போனது. 1947 ஆகஸ்டு 14-ஆம் தேதி, விடுதலைக்கு முந்தின நாள், டில்லியில் காட்டப்பட்டது. 1953-இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவமும் பெற்றது.

இவ்வளவு செய்தவர் தன் முகத்தை முன்னால் நீட்டவே இல்லை. ‘குமரி மலர்’ இதழை 1943-இல் தொடங்கிக் கடைசி வரை நடத்தினார். ஊர் ஊராய்ப் பார்த்ததை எளிய தமிழில் எழுதினார். ‘உலகம் சுற்றும் தமிழன்’ அவர் நூல். நம் நாட்டின் பழைய பெயரைத் தாங்கிய ‘மலேயா முதல் கனடா வரை’யும் அவருடையதே. 1983-இல் மறைந்தார்.

அவர் உயிரைக் கொடுத்துச் சேர்த்த தமிழ்ப் படம் பின்னாளில் காணாமல் போயிற்று. ஆங்கில வடிவத்தின் பிரதி ஒன்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்ததால் அதுவாவது மிஞ்சியது. ஒரே இடத்தில் வைத்த பொருளின் கதி இதுதான்.

தோழர்களே, இதில் நமக்கும் பாடம் இருக்கு. கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்கள் எத்தனையோ இன்று தாமான்களாகிவிட்டன. லயத்துப் பிள்ளைகள் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் என்று சிதறிவிட்டார்கள். தாத்தாவின் பிறப்புப் பத்திரம் இல்லாததால் பேரப்பிள்ளை வரை சிவப்பு ஐ.சி.யோடும், சிலர் ஒன்றுமே இல்லாமலும் திண்டாடும் குடும்பங்கள் இன்னமும் உண்டு. முதல் முகப்பிடத்தில் இல்லை என்று சொன்னதும் வீட்டுக்குத் திரும்பி, அப்புறம் போகாமலே விட்டவர்கள் எத்தனை பேர்!

இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்க. என்ன தாள் குறைகிறது என்று எழுதி வாங்குங்க. மறுபடி போங்க. பத்திரம், சங்கச் சந்தாப் புத்தகம், பெரட்டுக் களத்தில் எடுத்த பழைய போட்டோ, எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து இரண்டு வீட்டில் வையுங்க. பாட்டன் பெயர் எந்தத் தோட்டத்துச் செக்ரோலில் இருந்தது என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்க. காந்தியின் வாழ்க்கைக்கே ஒருவர் சன்னல் சன்னலாய் அலைய வேண்டியிருந்தது. நம் பாட்டன் வாழ்க்கைக்கு நாம்தான் அலையணும்.