ரூப் வாடெல்

ரூப் வாடெல் என்று பரவலாக அறியப்படும் ஜார்ஜ் எட்வர்ட் வாடெல் (அக்டோபர் 13, 1876 – ஏப்ரல் 1, 1914) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த அடிபந்தாட்ட (பேஸ்பால்) வீரர் ஆவார். இடக்கை எறிவாளரான இவர், 1897 முதல் 1910 வரையான காலப்பகுதியில் லூயிவில், பிட்ஸ்பர்க், சிகாகோ, பிலடெல்பியா, செயின்ட் லூயிஸ் ஆகிய ஐந்து நகரங்களின் அணிகளுக்காக ஆடினார். தம் காலத்தின் மிக விரைவான எறிவாளர்களுள் ஒருவராகவும், அதே வேளையில் சிறிதும் நம்பி இருக்க முடியாத ஆட்டக்காரராகவும் இவர் கருதப்பட்டார். இத்தகைய ஒருவருக்கு அணியின் எறிவாளர் வரிசையில் நிலையான இடம் தரலாமா என்ற வினா இவருடைய விளையாட்டு வாழ்க்கை முழுவதும் தொடர்ந்தது.

எறிவாளர் சுழல்முறை

அடிபந்தாட்டத்தில் எறிவாளர் பந்தை எறிய, எதிரணியின் மட்டையாளர் அதனை அடிக்க முயல்வார். மூன்று தவறிய வாய்ப்புகளுக்குப் பின் மட்டையாளர் ஆட்டமிழப்பது ஸ்ட்ரைக் அவுட் எனப்படும். ஓர் ஆட்டம் பொதுவாக 9 இன்னிங்ஸ்களைக் கொண்டது. நாள்தோறும் எறிந்தால் தோள் தாங்காது. எனவே ஒவ்வோர் அணியும் சில எறிவாளர்களை முறை வைத்து ஆட்டத்தைத் தொடங்கச் செய்கிறது. இதுவே தொடக்க எறிவாளர் சுழல்முறை ஆகும். தற்காலத்தில் இதில் பெரும்பாலும் ஐவர் இடம்பெறுவர். வாடெலின் காலத்தில் மூவர் அல்லது நால்வரே பெரும்பாலான ஆட்டங்களைச் சுமந்தனர். தொடங்கியவரே ஆட்டத்தை முடித்துவைக்க வேண்டும் என்பதும் எதிர்பார்ப்பாக இருந்தது. ஆகவே வரிசையில் உள்ள ஒருவர் சொல்லாமல் வராது போனால், அந்தச் சுமை மற்றவர்களின் தோள்களில் ஏறியது.

இளமையும் தொடக்க ஆட்டங்களும்

வாடெல் பென்சில்வேனியா மாநிலத்தின் பிராட்போர்டு என்னும் ஊரில் பிறந்தார். பட்டிக்காட்டான் என்ற பொருள்படும் ரூப் என்னும் பட்டப்பெயர் இளமையிலேயே இவருடன் ஒட்டிக்கொண்டது. 1897 இல் லூயிவில் அணிக்காக முதன்முதலில் தேசிய லீக்கில் ஆடினார். 1899 ஆம் ஆண்டுப் பருவத்திற்குப் பின் தேசிய லீக் 12 அணிகளிலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. அப்போது லூயிவில் அணியின் முக்கிய ஆட்டக்காரர்கள் பிட்ஸ்பர்க் அணிக்கு மாறினர். அவர்களுள் வாடெலும் ஒருவர்.

1900 இல் பிட்ஸ்பர்க் அணிக்காக வாடெல் பெற்ற வெற்றிகள் 8, தோல்விகள் 13. அவ்வாண்டு அவ்வணி லீக்கில் இரண்டாம் இடம் பெற்றதைக் கருதினால் இது மோசமான கணக்காகவே தோன்றும். ஆனால் எறிவாளர் தம் பொறுப்பில் 9 இன்னிங்ஸ்களுக்குச் சராசரியாக எத்தனை ஓட்டங்களை விட்டுக்கொடுத்தார் என்று பார்த்தால், வாடெலின் 2.37 என்பதே அவ்வாண்டு தேசிய லீக்கின் மிகச் சிறந்த சராசரி. 130 ஸ்ட்ரைக் அவுட்களுடன் அதிலும் இவரே முதலிடம். இந்தச் சராசரியைத் தேசிய லீக் 1912 இலும், அமெரிக்க லீக் 1913 இலும்தான் அதிகாரபூர்வமாகக் கணக்கிடத் தொடங்கின. எனவே வாடெலை எடைபோட்ட மேலாளர்களின் கையில் வெற்றி தோல்விக் கணக்கும் கண்ணால் கண்டதும் மட்டுமே இருந்தன.

பிட்ஸ்பர்க் மேலாளர் பிரெட் கிளார்க் ஒழுங்கில் கண்டிப்பானவர். வாடெலின் போக்கைப் பொறுக்காமல் அவரைப் பருவத்தின் இடையிலேயே இடைநீக்கம் செய்தார். அப்போது மில்வாக்கி அணியின் மேலாளராக இருந்த கானி மாக், பிட்ஸ்பர்க்கின் இசைவுடன் வாடெலைத் தம் அணிக்கு அழைத்துக்கொண்டார். அங்கு வாடெல் தொடர்ந்து வெல்லவே, பிட்ஸ்பர்க் அவரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனினும் 1901 இல் அவர் சிகாகோவுக்கு விற்கப்பட்டார். பருவம் முடியும் முன்பே அந்த அணியையும் விட்டு நீங்கினார்.

பிலடெல்பியா ஆண்டுகள்

1902 இல் கானி மாக் பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ் அணியின் மேலாளராக இருந்தார். அவ்வாண்டு ஏப்ரலில் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை அடுத்து, போட்டி லீக்கிலிருந்து வந்திருந்த சில ஆட்டக்காரர்களை அவ்வணி இழந்தது. எறிவாளர் வரிசை வெறுமையானது. அப்போது லாஸ் ஏஞ்சலஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்த வாடெலை மாக் நினைவுகூர்ந்தார். அவர் வழியில் எங்கும் இறங்கிவிடாதபடி அழைத்துவரப் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தின் ஆட்களை அனுப்பினார்.

ஜூன் இறுதியில் வந்துசேர்ந்த வாடெல், எஞ்சிய பருவத்தில் மட்டும் 24 வெற்றிகளையும் 7 தோல்விகளையும் பெற்றார். 210 ஸ்ட்ரைக் அவுட்களுடன் லீக்கில் முதலிடமும் பெற்றார். பிலடெல்பியா லீக் வாகையரானது. 1902 முதல் 1907 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் அமெரிக்க லீக்கின் ஸ்ட்ரைக் அவுட் பட்டியலில் இவரே முதலிடத்தில் இருந்தார். 1904 இல் இவர் எடுத்தவை 349; அடுத்த இடத்திலிருந்த ஜாக் செஸ்புரோ எடுத்தவை 239. வாடெலின் இந்த எண்ணிக்கையை அமெரிக்க லீக்கில் 1973 இல் நோலன் ரயன்தான் 383 எடுத்துக் கடந்தார்.

வாடெலின் இயல்பை அறிந்த மாக், ஊதியத்தை மொத்தமாகக் கொடுக்காமல் சிறு சிறு தொகைகளாகக் கொடுத்துவந்தார். மீன்பிடிக்கச் செல்வது, தீயணைப்பு வண்டிகளின் பின்னே ஓடுவது, குடிப்பழக்கம் ஆகியவற்றால் வாடெல் அணியை விட்டு விலகி நிற்பது வழக்கமாக இருந்தது. இவரைப் பற்றிய கதைகளுள் பல, பிற்காலத்தில் கூட்டிச் சொல்லப்பட்டவை.

1905 ஆம் ஆண்டு

வாடெலின் மிகச் சிறந்த ஆண்டு 1905 ஆகும். 27 வெற்றிகள், 10 தோல்விகள், 1.48 சராசரி, 287 ஸ்ட்ரைக் அவுட்கள் என மூன்று முதன்மைக் கணக்குகளிலும் இவரே லீக்கில் முன்னிலை வகித்தார். ஜூலை 4 அன்று பாஸ்டனில் சை யங்கை எதிர்த்து 20 இன்னிங்ஸ்கள் எறிந்து 4–2 என வென்றார். இரு எறிவாளர்களும் முழு ஆட்டத்தையும் தாமே எறிந்தனர்.

செப்டம்பரில், சக எறிவாளர் ஆன்டி கோக்லியின் வைக்கோல் தொப்பியைப் பறிக்க முயன்ற விளையாட்டுச் சண்டையில் வாடெலின் தோளில் அடிபட்டது. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு எதிரான உலகத் தொடரில் இவர் ஆடவில்லை. சூதாடிகளிடம் பணம் பெற்றுக்கொண்டு ஒதுங்கினார் என்ற வதந்தி எழுந்தது, அது மெய்ப்பிக்கப்படவில்லை. பிலடெல்பியா 4–1 எனத் தொடரை இழந்தது. தோற்ற நான்கு ஆட்டங்களிலும் அவ்வணி ஓர் ஓட்டம் கூட எடுக்கவில்லை. எனவே வாடெல் எறிந்திருந்தால் தொடர் மாறியிருக்கும் என்று எளிதில் சொல்லிவிட இயலாது.

விற்பனையும் அதன் பின்னும்

1906 இல் வாடெலின் கணக்கு 15 வெற்றி, 17 தோல்வி எனச் சரிந்தது. 1907 இல் பிலடெல்பியாவும் டெட்ராய்ட்டும் கடைசி வரை முதலிடத்துக்குப் போட்டியிட்டன. செப்டம்பர் 30 அன்று இவ்விரு அணிகளும் மோதிய ஆட்டத்தில் பிலடெல்பியா 7–1 என முன்னிலை பெற்றிருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் வாடெலின் பந்தை டை காப் எல்லைக்கு வெளியே அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். 17 இன்னிங்ஸ்களுக்குப் பின் ஆட்டம் 9–9 என முடிவின்றி நின்றது. டெட்ராய்ட் லீக் வாகையரானது. வாடெல் மீது சக ஆட்டக்காரர்களின் மனக்கசப்பு முற்றியது. 1908 பிப்ரவரியில் மாக் அவரைச் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்கு விற்றார்.

அவ்வாண்டு வாடெல் புதிய அணிக்கு 19 வெற்றிகள் ஈட்டித் தந்தார். ஜூலை 29 அன்று தம் பழைய அணிக்கு எதிராகவே 16 ஸ்ட்ரைக் அவுட்கள் எடுத்தார். செயின்ட் லூயிஸ் நான்காம் இடத்தையும் பிலடெல்பியா ஆறாம் இடத்தையும் பெற்றன. ஆயினும் வாடெல் இல்லாத பிலடெல்பியா 1910, 1911 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலகத் தொடரை வென்றது.

மதிப்பீடு

வாடெலின் மொத்தக் கணக்கு 193 வெற்றிகள், 143 தோல்விகள், 2,316 ஸ்ட்ரைக் அவுட்கள், 2.16 சராசரி ஆகும். இவ்வெற்றிகளுள் 131 பிலடெல்பியாவின் ஆறு ஆண்டுகளில் பெறப்பட்டவை. பந்து கையில் இருந்தபோது வாடெல் பெரும்பாலும் நிலையாகவே எறிந்தார் என்பதைச் சராசரி காட்டுகிறது. நிலையற்றிருந்தது அவருடைய எறிதல் அன்று, வருகையே. கிளார்க் இரண்டையும் ஒன்றாகப் பார்த்து அவரை விலக்கினார். மாக் இரண்டையும் பிரித்துப் பார்த்து, வருகையைத் தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டார். எடி பிளாங்க், சீஃப் பென்டர் போன்ற நம்பத்தக்க எறிவாளர்கள் உடனிருந்ததால் அவரால் அந்தத் துணிவை மேற்கொள்ள முடிந்தது. உடன் ஆடுவோரின் பொறுமை தீர்ந்தபோது அதே மாக் அவரை விட்டுக்கொடுத்தார். வாடெலுக்கு உளவளர்ச்சி சார்ந்த குறைபாடு இருந்திருக்கலாம் எனப் பிற்கால எழுத்தாளர் சிலர் கருதுகின்றனர். அக்காலத்தில் அவருக்குக் கிடைத்தவை தண்டத்தொகையும் இடைநீக்கமும் நகைப்புமே.

இறுதிக் காலம்

1910 இல் செயின்ட் லூயிஸ் அணியிலிருந்து விடுவிக்கப்பட்ட வாடெல், பின்னர் மின்னியாபொலிஸ் அணிக்காகச் சிறு லீக்கில் ஆடினார். 1912 இல் கென்டக்கி மாநிலத்தின் ஹிக்மன் நகரை மிசிசிப்பி ஆற்று வெள்ளம் சூழ்ந்தபோது, குளிர்ந்த நீரில் நின்று கரையில் மணல் மூட்டைகளை அடுக்கும் பணியில் ஈடுபட்டார். அதைத் தொடர்ந்து நுரையீரல் அழற்சி கண்டது. உடல்நிலை மீளவில்லை. காசநோய் முற்றி, டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் 1914 ஏப்ரல் 1 அன்று தமது 37 ஆம் வயதில் காலமானார்.

1946 இல் வாடெலின் பெயர் கூப்பர்ஸ்டவுனில் உள்ள தேசிய அடிபந்தாட்டப் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டது.