செத்தவர் எழுவாரா? கடவுளைத் தமிழில் எப்படி அழைப்பது? தரங்கம்பாடியில் விடை தேடிய சீகன்பால்கு யார்?

காரைக்கால் மாவட்டத்தின் மீனவக் கிராமம் கருக்களாச்சேரி. இங்கிருந்து கடலோரமாக வடக்கே போனால் 20 கிலோமீட்டருக்குள் தரங்கம்பாடி வந்துவிடும். டேனிஷ் கோட்டையைப் பார்க்கவும், கடற்கரையில் செல்ஃபி எடுக்கவும் விடுமுறை நாட்களில் கூட்டம் அலைமோதும் ஊர். அந்தக் கோட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது. பெயர், புதிய எருசலேம் ஆலயம். உள்ளே 36 வயதில் இறந்துபோன ஒரு ஜெர்மன்காரரின் கல்லறை.

அவர்தான் பர்த்தலோமேயு சீகன்பால்கு. இந்திய மொழிகளிலேயே முதன்முதலாக, பைபிளின் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சிட்டவர். பள்ளிப் புத்தகங்களில் இந்த ஒரு வரியோடு அவர் கதை முடிந்துவிடும். ஆனா அவர் வாழ்க்கையை இழுத்துக்கொண்டு போனது அச்சு இயந்திரம் மட்டும் இல்லை, இரண்டு கேள்விகள். கடவுள் என்பவர் யார்? இறந்த மனிதன் என்ன ஆகிறான்?

இந்த இரண்டுக்கும் பதில் சொல்லத்தான் அவர் கப்பல் ஏறினார். வந்து இறங்கிய ஊரிலோ, இரண்டுக்கும் ஏற்கெனவே பதில் இருந்தது.

யார் இந்த சீகன்பால்கு?

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் புல்ஸ்னிட்ஸ் என்ற சிறு ஊரில் 1682-ல் பிறந்தார். சிறு வயதிலேயே தாய், தந்தை இருவரையும் இழந்தார். உடம்பும் பலவீனம். அடிக்கடி நோயில் விழுவார். சாவு என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை, வீட்டுக்குள்ளேயே பார்த்தது.

ஹாலே நகரில் இறையியல் படித்தார். அங்கே அவருக்கு வழிகாட்டி ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற பேராசிரியர். அந்தச் சமயத்தில் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக், தன் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடிக்கு மறைப்பணியாளர்களை அனுப்ப ஆள் தேடினார். தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதரோடு 1620-ல் செய்த ஒப்பந்தத்தின் மூலம் டேனிஷ்காரர்கள் கைக்கு வந்த ஊர் அது.

சீகன்பால்குவும் அவர் நண்பர் ஹென்ரிக் புளுட்சோவும் 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் கப்பல் ஏறினார்கள். ஏழு மாதத்துக்கும் மேல் கடல் பயணம். 1706 ஜூலை 9-ம் தேதி தரங்கம்பாடி வந்து சேர்ந்தார்கள். அப்போது சீகன்பால்குவுக்கு 24 வயதுகூட முழுசா ஆகியிருக்குமா என்பதே சந்தேகம்.

அன்றைக்குக் காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்கள் இல்லை. அவர்கள் வந்தது 1739-ல். இந்தக் கரை முழுக்க தஞ்சை மராட்டிய மன்னர்களின் நாடு. நடுவில் தரங்கம்பாடி டேனிஷ்காரர்களிடம், தெற்கே நாகப்பட்டினம் டச்சுக்காரர்களிடம்.

மணலில் எழுதிப் படித்த தமிழ்

ஐரோப்பியர்கள் அப்போது இந்தக் கரையில் போர்த்துகீசிய மொழியை வைத்தே காலம் தள்ளினார்கள். வியாபாரத்துக்கு அது போதும். கடவுளைப் பற்றிப் பேச அது போதாது என்பது சீகன்பால்குவுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது.

திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்து கற்றார். வாத்தியார் ஒருவரையும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் அமர்த்திக்கொண்டு ஓலைச்சுவடிகளைப் படிக்க ஆரம்பித்தார். இரண்டே ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைச் சேகரித்து, 1708-ல் அவற்றுக்கு ஒரு விளக்கப் பட்டியலே தயாரித்துவிட்டார். கொன்றை வேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

இதற்கிடையே 1707-ல் முதல் திருமுழுக்கு. முதலில் பெற்றவர்கள் டேனிஷ்காரர்களின் வீடுகளில் இருந்த அடிமைகள்.

‘ஒரே கடவுள்’ என்பது இங்கே புதுசா?

கிறிஸ்தவ நம்பிக்கையின் அடிப்படை, கடவுள் ஒருவரே என்பது. அந்த ஒரே கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என்று மூவராக இருக்கிறார் என்பது அதன் அடுத்த படி. கத்தோலிக்கர்கள் இன்று ‘மூவொரு கடவுள்’ என்பார்கள், புராட்டஸ்டண்ட் சபைகளில் ‘திரித்துவம்’ என்பார்கள்.

இதை மும்மூர்த்திகளோடு போட்டுக் குழப்பிக்கொள்வது சுலபம். ஆனா இரண்டும் வேறு. படைக்க ஒருவர், காக்க ஒருவர், அழிக்க ஒருவர் என்ற வேலைப் பிரிவு திரித்துவத்தில் கிடையாது. மூன்று கடவுள்களும் கிடையாது. ஒரே கடவுள்தன்மையில் மூன்று ஆட்கள் என்பதே கிறிஸ்தவச் சபைகளின் போதனை.

பல தெய்வங்களைக் கும்பிடும் மக்களுக்கு ஒரே கடவுளை அறிமுகப்படுத்தப் போகிறோம் என்ற எண்ணத்தோடுதான் சீகன்பால்கு வந்தார். சுவடிகளைப் படிக்கப் படிக்க அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. சிவவாக்கியர் பாடல்கள் அவரை உலுக்கின. கல்லைச் சுற்றி வருவதைக் கேலி செய்து, உருவமற்ற ஒன்றைப் பாடும் தமிழ்ச் சித்தர் அவர். பரம்பொருள் ஒன்றே என்று சொல்லும் தமிழர்களை சீகன்பால்கு ஊர் ஊராகச் சந்தித்தார். நாகப்பட்டினம் வரை போய் வாதம் செய்தார்.

நேரில் பேசியது போதாது என்று, 1712 முதல் 1714 வரை தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பி, கடிதமாகவே பதில் வாங்கினார். 99 கடிதங்கள் ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாகின. நாங்களும் ஒரே பரம்பொருளைத்தான் வணங்குகிறோம், மற்ற தெய்வங்கள் அதன் வடிவங்கள் என்ற விளக்கம் அவற்றில் வருகிறது. கிறிஸ்தவர்களை ஏன் பிடிக்கவில்லை என்ற கேள்விக்கும் ஒளிவுமறைவு இல்லாத பதில் வந்தது. மாட்டிறைச்சி, குடி, சுத்தமின்மை என்று ஐரோப்பியர்களின் நடத்தையைப் பட்டியல் போட்டிருந்தார்கள். அதையும் மறைக்காமல் ஊருக்கு அனுப்பி வைத்தார் அவர்.

மறுபிறவி வேறு, உயிர்த்தெழுதல் வேறு

இரண்டாவது கேள்விதான் இன்னும் சிக்கல். இறந்தவர் மறுபடி வருவார் என்று சொன்னால், தமிழ் மண்ணில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். மறுபிறவி எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

ஆனா இங்கே மறுபிறவி ஒரு பரிசு இல்லை, விடுபட வேண்டிய சுழல். காரைக்கால் அம்மையார் கதையே இதற்குச் சாட்சி. பேயுருவம் ஏற்று கயிலைக்குப் போன அந்த அம்மை, சிவனிடம் கேட்ட வரங்களில் ஒன்று பிறவாமை. இனி உடம்பே வேண்டாம் என்பதுதான் அந்த வேண்டுதலின் உட்பொருள்.

கிறிஸ்தவ நம்பிக்கை இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. அதன்படி மனிதனுக்கு ஒரே பிறப்பு, ஒரே இறப்பு. உலக முடிவில் அதே ஆள், அதே உடம்போடு எழுப்பப்படுவார். ஆனா அது இனி சாகாத உடம்பாக மாற்றப்பட்டிருக்கும். உயிர் மட்டும் பிழைப்பது இல்லை, உடம்பும் மீட்கப்படுகிறது.

இதற்கு ஆதாரமாகக் கிறிஸ்தவர்கள் காட்டுவது, சிலுவையில் இறந்த இயேசு மூன்றாம் நாள் கல்லறையிலிருந்து எழுந்தார் என்ற நற்செய்தி. அது நடக்கவில்லை என்றால் தங்கள் நம்பிக்கை முழுவதுமே வீண் என்று பவுல், கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15-ம் அதிகாரத்தில் ஒப்புக்கொள்கிறார். அதே இடத்தில் விதை உவமையும் வருகிறது. மண்ணுக்குள் போகும் விதை ஒன்று, முளைத்து வரும் பயிர் வேறு தோற்றம். டெல்டா விவசாயிக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

உயிர்த்த இயேசு ஆவி இல்லை, உடம்போடுதான் வந்தார் என்று காட்ட நற்செய்திகள் சொல்லும் நிகழ்ச்சிகளில் மீன் வருகிறது. ஒரு இடத்தில் பொரித்த மீனை வாங்கிச் சாப்பிடுகிறார். இன்னொரு இடத்தில், இரவெல்லாம் வலை போட்டும் ஒன்றும் கிடைக்காத சீடர்களுக்கு விடியற்காலையில் கரையில் கரி மூட்டி மீன் சுட்டு வைக்கிறார். கருக்களாச்சேரி போன்ற ஒரு கரையில், கதை கேட்பவருக்குக் கண்முன் விரியும் காட்சி இது.

பெரும்பாலான கிறிஸ்தவர்கள் இறந்தவர்களைப் புதைப்பதற்கும், கல்லறைத் தோட்டங்களைப் பேணுவதற்கும் பின்னால் இந்த நம்பிக்கைதான் இருக்கிறது. தகனம் செய்வதை இன்று பல சபைகள் தடுப்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையும் 1963-ல் தடையைத் தளர்த்தியது.

கோட்டைச் சிறையில் நான்கு மாதம்

இதையெல்லாம் தமிழர்கள் தாங்களே படிக்க வேண்டும் என்று, 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்க உட்கார்ந்தார் சீகன்பால்கு. தொடங்கி ஒரு மாதம்கூட நிம்மதியாக ஓடவில்லை.

அவரைத் தடுத்தது தஞ்சை அரசர் இல்லை, உள்ளூர் மக்களும் இல்லை. தரங்கம்பாடியின் டேனிஷ் கமாண்டர் ஹாசியஸ். கம்பெனிக்கு வியாபாரம்தான் முக்கியம். இந்தப் பாதிரியார்கள் வந்து ஊரைக் கலைக்கிறார்கள் என்ற கோபம் முதலிலிருந்தே இருந்தது. கடன் தகராறில் மாட்டிய ஒரு தமிழ் விதவைக்காக சீகன்பால்கு பேசப்போக, மோதல் முற்றியது. டான்ஸ்போர்க் கோட்டையில் அடைத்தார்கள். சுமார் நான்கு மாதம் கழித்து 1709 மார்ச்சில்தான் வெளியே விட்டார்கள்.

வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பு முடிந்தது.

சாமிக்கு என்ன பெயர் வைப்பது?

மொழிபெயர்ப்பில் பெரிய தலைவலி, ‘கடவுள்’ என்ற ஒற்றைச் சொல். எந்தச் சொல்லை எடுத்தாலும் அதற்குள் ஏற்கெனவே ஒரு சாமி குடியிருந்தது.

சீகன்பால்கு பயன்படுத்தியது ‘சர்வேசுரன்’. அவருக்கு முன்பே கத்தோலிக்க மறைப்பணியாளர்கள் பழக்கியிருந்த சொல். எல்லாருக்கும் ஈசுவரன் என்று பொருள். ஆனா அதைச் சொல்லும்போதே சிவன் நினைவுக்கு வருவார். பின்னால் வந்த ஃபெப்ரீஷியஸ் ‘பராபரன்’ என்றார். தத்துவமாக உயர்ந்த சொல், சாதாரண ஆள் புழங்காதது. 1871-ல் வெளியான திருத்திய பதிப்பில் ‘தேவன்’ நிலைத்தது. புராட்டஸ்டண்ட் வீடுகளில் இன்றைக்கும் அதுதான். பல தேவர்களில் ஒருவர் என்ற தொனி அதில் உண்டு என்பது பழைய குறை. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘கடவுள்’ என்று எழுதியது.

அதாவது, அவர் எழுப்பிய ஒரு கேள்விக்கு 280 ஆண்டுகளுக்கும் மேலாகப் பதில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

அச்சுக்கு வந்தது ஒன்று, வராமல் போனது ஒன்று

லண்டனிலிருந்து அச்சு இயந்திரம், ஹாலேயிலிருந்து 1713-ல் தமிழ் எழுத்துகள். வந்த எழுத்துகள் பெரியவை, காகிதம் தின்றன. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பக்கத்தில் பொறையாறில் காகிதத் தொழிற்சாலையும் அமைத்தார்கள். நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும் 1714-ல் அச்சாகின, மீதி 1715-ல்.

ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். தமிழில் முதல் அச்சுப் புத்தகம் சீகன்பால்குவுடையது இல்லை. 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அதற்கு 130 ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது.

இதே காலத்தில், 1713-ல் அவர் இன்னொரு பெரிய புத்தகத்தை ஜெர்மனில் எழுதி முடித்தார். தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி. பராபரவஸ்து என்ற பரம்பொருளில் தொடங்கி மும்மூர்த்திகள், பிறகு ஐயனார், மாரியம்மன், எல்லம்மன், பிடாரி என்று கிராமத் தெய்வங்கள், கடைசியில் தேவர்கள் வரை வரிசையாகப் பதிவு செய்த நூல். தமிழர் வழிபாடு தவறு என்ற கருத்தை அவர் கடைசிவரை விடவில்லை. ஆனா அவர்கள் முட்டாள்கள் இல்லை, அவர்களிடம் படிப்பும் ஒழுக்கமும் கடவுள் அறிவும் உண்டு என்பதை ஐரோப்பாவுக்குத் தெரிவிக்க விரும்பினார்.

ஹாலே அதை விரும்பவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினால், அதையே ஐரோப்பாவில் பரப்புவதா என்பது பிராங்கேயின் நிலைப்பாடு. கையெழுத்துப் பிரதி அலமாரியில் கிடந்தது. அச்சானது 1867-ல், சென்னையில். எழுதி 154 ஆண்டு கழித்து.

கடைசி நாள்

1714-ல் ஐரோப்பா போனார். கூடவே மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் போனார். தமிழ் இலக்கண நூலை 1716-ல் ஹாலேயில் அச்சிட்டு, மரியா டோரத்தியாவைத் திருமணம் செய்துகொண்டு அதே ஆண்டு திரும்பினார். 1718 அக்டோபரில் புதிய எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது.

அந்த நேரத்தில்தான் கோபன்ஹேகனிலிருந்து கண்டனம் வந்தது. மறைப்பணி நிர்வாகத்தின் புதிய செயலாளர், கட்டடம், பள்ளி என்று செலவு செய்வதே தவறு என்று கடுமையாக எழுதினார். பணம் சுருங்கியது. ஏற்கெனவே நைந்துபோன உடம்பு அதைத் தாங்கவில்லை. பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத் ஆகமம் வரை வந்து நின்றது.

1719 பிப்ரவரி 23-ம் தேதி காலமானார். கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தவர்களை ஒரு ஜெர்மன் பாடலைப் பாடச் சொல்லிக் கேட்டதாக மறைப்பணிப் பதிவுகள் சொல்கின்றன. அது உயிர்த்தெழுதலைப் பற்றிய பாடல். கிறிஸ்து எழுந்ததால் நானும் எழுவேன் என்பதுதான் அதன் கருத்து. தமிழர்களிடம் 13 ஆண்டுகள் அவர் விளக்கிக்கொண்டிருந்த அதே விஷயம்.

இன்று என்ன இருக்கிறது?

அவர் விட்ட பழைய ஏற்பாட்டை, அடுத்து வந்த பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார். தரங்கம்பாடியை டேனிஷ்காரர்கள் 1845-ல் ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஊர் இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் பேராயருக்கு இன்றும் தரங்கம்பாடி பேராயர் என்றே பட்டம். ஆலயத்தில் வழிபாடு தொடர்கிறது.

அடுத்த முறை அந்தக் கோட்டைக்குப் போனால், ஆலயத்துக்குள்ளும் ஒரு எட்டு போய்ப் பார்க்கலாம். உங்கள் நம்பிக்கை எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. பதில் சொல்ல வந்து, பதில் கேட்டு எழுதி வைத்த ஒருவர் அங்கே படுத்திருக்கிறார். அவர் நம்பிக்கையின்படி, எழுந்திருக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறார்.