ஒரு முட்டை 5,000 டாலர்... டைனோசர் முட்டைக்கு முதன்முதலில் விலை வைத்த மனிதரின் கதை தெரியுமா?

கன்னியாகுமரி கடற்கரையில் சங்கு, சோழி, கலர் மணல் பாக்கெட் விற்கும் கடைகளைத் தாண்டாமல் நீங்க வீடு திரும்பியிருக்க மாட்டீங்க. அங்கேயே ஒரு சட்டச் சிக்கல் இருக்கு. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் 2001-ல் சில சங்கு வகைகளும் பவளங்களும் சேர்க்கப்பட்டதால, அழகா இருக்குன்னு எல்லாத்தையும் பையில் போட்டுக்கிட்டு வர முடியாது. சங்குக்கே இவ்வளவுன்னா, டைனோசர் முட்டைக்கு?

சிரிக்காதீங்க. போனில் தேடிப் பாருங்க. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருந்து, சர்ட்டிபிகேட்டோட, டெலிவரி சார்ஜோட புதைபடிவ முட்டை விற்பனைக்கு வரும். கல்லாகிப் போன முட்டை, ஷெல்ஃபில் வைக்க ஜோரா இருக்கும்.

இந்தச் சந்தைக்குப் பிள்ளையார் சுழி போட்டது ஒரு ஏலம். அதை நடத்தினவர் ராய் சாப்மேன் ஆண்ட்ரூஸ். இண்டியானா ஜோன்ஸ் படம் பார்த்தவங்களுக்கு இவரை அறிமுகமே செய்ய வேண்டாம். அந்தக் கேரக்டருக்கு இவர்தான் மாடல்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா ஓடுது. படம் எடுத்தவங்க அதை உறுதிப்படுத்தினதில்லை. ஆனா தொப்பி, துப்பாக்கி, பாம்புப் பயம் எல்லாம் பொருந்தும்.

1884 ஜனவரி 26-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பெலாய்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தார். காடு, துப்பாக்கி, பறவைன்னே வளர்ந்த பையன். செத்த விலங்குகளைப் பதப்படுத்தி உயிருள்ளது மாதிரி நிறுத்தும் வித்தையைப் புத்தகம் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டார். ஊர் வேட்டைக்காரர்களுக்கு அதைச் செய்து கொடுத்து வந்த காசில்தான் காலேஜ் படிப்பு. 1905-ல் ஆற்றில் படகு கவிழ்ந்து கூட இருந்த நண்பர் இறந்துபோக, இவர் மட்டும் தப்பிக் கரையேறினார்.

அடுத்த வருஷம் டிகிரியோட நியூயார்க் போய், அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நின்றார். வேலை காலி இல்லைன்னு சொன்னாங்க. தரையைக் கழுவுற வேலையாவது கொடுங்கன்னு கேட்டிருக்கார். கொடுத்தாங்க. பதப்படுத்தும் பிரிவில் நிஜமாவே தரை கழுவித்தான் ஆரம்பம். பிற்பாடு அதே அருங்காட்சியகத்துக்கு 1935-ல் இயக்குநராகவும் ஆனார். இன்டர்வியூவுக்கு அலையுற நமக்கு இது கொஞ்சம் வயித்தெரிச்சலாத்தான் இருக்கு, என்ன செய்ய!

நடுவில் சில வருஷம் திமிங்கிலம் பின்னாலேயே அலைந்தார். அலாஸ்கா, ஜப்பான், கொரியான்னு திமிங்கில வேட்டைக் கப்பல்களில் போய் எலும்பும் குறிப்பும் சேர்த்தார். அதுவே தனிக் கதை. நம்ம விஷயம் கோபி பாலைவனத்தில் இருக்கு.

அருங்காட்சியகத்தின் தலைவர் ஹென்றி ஃபேர்ஃபீல்டு ஆஸ்பர்னுக்கு ஒரு கொள்கை இருந்தது. மனிதனும் பாலூட்டிகளும் மத்திய ஆசியாவில்தான் தோன்றியிருக்கணும் என்பது. அதை நிரூபிக்க நான் போறேன்னு ஆண்ட்ரூஸ் கிளம்பினார். பணக்காரர் வீடு வீடாக ஏறி இறங்கி நிதி திரட்டினார். வங்கி முதலாளி ஜே.பி. மார்கன் மட்டும் 50,000 டாலர் கொடுத்தார். 1922-ல் டாட்ஜ் கார்கள், லாரிகள், பெட்ரோலும் சாப்பாடும் சுமந்துக்கிட்டு முன்னால் போக ஒட்டகக் கூட்டம் என்று மங்கோலியாவுக்குள் நுழைந்தது படை. பாலைவனத்தில் கார் ஓடாதுன்னு சொன்னவங்க வாயை அடைச்சாங்க. ஆனா ஆதிமனிதன் எலும்பு ஒண்ணுகூடச் சிக்கலை.

சிக்கினது வேற. 1923 ஜூலை 13-ம் தேதி, சிவப்புப் பாறைகள் எரியுற மாதிரி தெரியும் பயான்ஸாக் என்ற இடத்தில், குழுவில் இருந்த ஜார்ஜ் ஓல்சன் வந்து முட்டைகளைப் பார்த்ததாகச் சொன்னார். மற்றவங்க நம்பலை, உருண்டைக் கல்லா இருக்கும்னு கிண்டல் பண்ணாங்க. நேரில் போய்ப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. டைனோசர் முட்டை என்று அறிவியல் உலகம் அடையாளம் கண்டு ஒப்புக்கொண்ட முதல் முட்டைகள் அவை.

முட்டைகளுக்கு மேலேயே ஒரு சின்ன டைனோசரின் எலும்பும் கிடந்தது. இது முட்டை திருட வந்து மாட்டிக்கிட்டதுன்னு முடிவுகட்டி, முட்டைத் திருடன் என்ற அர்த்தத்தில் ஓவிராப்டர் என்று 1924-ல் பெயர் வச்சாங்க. எழுபது வருஷம் கழித்து, அதே வகை முட்டைக்குள் இருந்த கருவை ஆராய்ந்தப்போதான் தெரிஞ்சது, அவை ஓவிராப்டர் இனத்தோட முட்டைகள்தான்னு. அடைகாக்கும் கோலத்திலேயே கல்லான உறவினங்களும் கிடைச்சாச்சு. பாவம், பெத்ததைப் பார்த்துத் திருடன்னு எழுதிட்டாங்க. பெயரை இனி மாத்தவும் முடியாது, விதி அப்படி.

முட்டைச் செய்தி உலகத்தையே உலுக்கியது. அந்த அக்டோபரிலேயே டைம் பத்திரிகை அட்டையில் ஆண்ட்ரூஸ் படம். அடுத்த பயணத்துக்குப் பணம் வேணும். மக்கள் கவனத்தையும் பிடிக்கணும். அதனால ஒரே ஒரு முட்டையை ஏலம் விட்டார். ஆஸ்டின் கோல்கேட் என்பவர் 5,000 டாலருக்கு எடுத்து, கோல்கேட் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அன்றைக்கு ஒரு ஃபோர்டு மாடல் டி கார் 300 டாலருக்கும் கீழே. கணக்குப் போட்டுக்கோங்க, ஒரு முட்டைக்குப் பதினாறு கார்!

விளம்பரம்னு பார்த்தா சூப்பர் ஹிட். ஆனா செய்தி பீஜிங்குக்கும் மங்கோலியாவுக்கும் போய்ச் சேர்ந்தது. அறிவியல் ஆராய்ச்சின்னு சொல்லிக்கிட்டு வந்தவங்க ஒரு முட்டையையே இந்த விலைக்கு வித்தா, பெட்டி பெட்டியா கொண்டுபோனதோட மதிப்பு என்ன? அந்தச் சந்தேகத்தை அநியாயம்னு சொல்ல எனக்கு மனசு வரலை. பயணத்துக்கு ஆன செலவோடு பார்த்தா அந்த ஏலப் பணம் ஒண்ணுமேயில்லைன்னு ஆண்ட்ரூஸ் விளக்கிப் பார்த்தார். யாரும் கேட்கலை. விலைச்சீட்டு ஒட்டின பிறகு பொருள் வேற பொருளாயிடும், அதாக்கும் விஷயம்.

1925-க்குப் பிறகு பயான்ஸாக் பக்கம் அவரால் போகவே முடியலை. முட்டை மட்டும் காரணமில்லை. சீனாவில் உள்நாட்டுச் சண்டை, மங்கோலியாவில் சோவியத் செல்வாக்கு எல்லாம் சேர்ந்தது. 1928-ல் உள் மங்கோலியாவில் சேகரித்து வந்ததைச் சீனாவின் தொல்பொருள் பாதுகாப்புக் குழு மடக்கி, வாரக்கணக்கில் வைத்திருந்தது. 1930-ல் கடைசிப் பயணம், அத்தோடு முடிந்தது. அந்த ஏலத்தைப் போல வேறெதுவும் தன் வேலையைக் கெடுக்கலைங்கிற வருத்தத்தை அவரே பின்னாளில் எழுதி வச்சிருக்கார். அவர் அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள் மறுபடி மங்கோலியாவுக்குள் போனது 1990-ல்தான், அந்நாட்டு அறிவியல் அகாடமியோடு சேர்ந்து.

1942 வாக்கில் பதவியை விட்டார். குழந்தைகளுக்கு டைனோசர் பற்றிப் புத்தகம் எழுதினார். 1960 மார்ச் 11-ல் கலிஃபோர்னியாவில் காலமானார், வயது 76.

அவர் தொடங்கி வச்ச சந்தை மட்டும் வளர்ந்தது. 1990-களில் சீனாவில் இருந்து முட்டைகள் வண்டி வண்டியா வெளியே போச்சு. ஹெனான் மாகாணத்தில் கிடைத்து அமெரிக்காவுக்குப் போன பேபி லூயி என்ற கரு, 2013-ல்தான் சீனாவுக்குத் திரும்பியது. அதே வருஷம், ஏலத்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டின ஒரு டைனோசர் எலும்புக்கூட்டையும் அமெரிக்கா மங்கோலியாவிடம் ஒப்படைத்தது. அமெரிக்காவிலோ தனியார் நிலத்தில் கிடைத்தால் நிலத்துக்காரர் விற்கலாம். ஆக, ஆன்லைனில் வரும் முட்டை எந்த நாட்டு மண்ணில் இருந்து, எந்த வருஷம், யார் அனுமதியோட வந்ததுங்கிறதுதான் முதல் கேள்வி. சர்ட்டிபிகேட் பெரும்பாலும் அசல்னு மட்டும்தான் சொல்லும், அனுமதி பத்திப் பேசாது.

நம்ம நாட்டில்? புதைபடிவத்துக்கென்றே தனிச் சட்டம் இல்லாமலே பல பத்தாண்டுகள் ஓடிப்போச்சு. 2022 டிசம்பரில்தான் மத்திய சுரங்க அமைச்சகம் புவியியல் பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் மசோதா வரைவை வெளியிட்டது. சேதப்படுத்தினால் ஆறு மாதம் வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அதில் இருந்தது.

நாஞ்சில் நாட்டில் தோண்டிப் பார்க்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு: வேண்டாம். நம்ம பாறைகள் 50 கோடி வருஷத்துக்கும் மேல் பழசு, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறினவை. டைனோசர் வந்ததே சுமார் 23 கோடி வருஷம் முன்னாடிதான். தமிழ்நாட்டில் வாய்ப்பு உள்ள இடம் அரியலூர், பெரம்பலூர் பக்கம். 2009-ல் செந்துறை அருகே டைனோசர் முட்டைகளைக் கண்டதாக சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவிச்சாங்க. 2020-ல் பெரம்பலூர் குன்னத்தில் கிடைத்த உருண்டைகளை டைனோசர் முட்டைன்னு வாட்ஸ்அப்பே கொண்டாடினப்போ, கடல் உயிரியான அம்மோனைட்டைச் சுற்றி உருவான கற்கள்னு வல்லுநர்கள் சொல்லிட்டாங்க. கோபியில் முட்டையைக் கல்லுன்னாங்க, இங்கே கல்லை முட்டைன்னாங்க.

அந்தப் பக்கம் போற உங்க கண்ணில் அப்படி ஒண்ணு பட்டா, தூக்காதீங்க. எந்த மண் அடுக்கில், எத்தனை சேர்ந்து, எப்படிக் கிடந்ததுங்கிறதில்தான் பாதித் தகவலே இருக்கு. எடுத்துட்டா அது போச்சு. பக்கத்தில் அளவு தெரிய ஒரு பேனாவை வச்சு போட்டோ எடுங்க, லொக்கேஷனைக் குறிச்சுக்கோங்க, தாசில்தார் அலுவலகத்துக்கோ இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ தகவல் கொடுங்க. ரீல்ஸை அவங்க வந்து பார்த்த பிறகு போட்டுக்கலாம்.