பரீட்சையில் தவறிய அரவிந்தர்

பரீட்சை முடிவுகள் வெளிவரும் நாட்களில் நமது புதுச்சேரிக் கடற்கரையில் மாலைப்பொழுது உலாவச் செல்வோர் இருவகை முகங்களைக் காண்பர். தேறியவர் கூட்டமாய் நின்று பேசிக்கொண்டிருப்பர். தவறியவர் தனியே கடலைப் பார்த்து அமர்ந்திருப்பர். அவ்வாறு அமர்ந்திருந்தோருள் நம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவரை அண்மையில் சந்திக்க நேர்ந்தது. அவர் கணக்காயர் பரீட்சை எழுதியவர். ஒவ்வொரு தாளிலும் பெறவேண்டிய 40 மதிப்பெண்ணைப் பெற்றிருந்தும், மொத்தத்தில் நூற்றுக்கு 50 என்னும் வரம்பினைச் சில மதிப்பெண் குறைவால் எட்டாது போயினார். அறவே தோற்றவனுக்கு ஒருவித அமைதியுண்டு. கரையருகே வந்து மூழ்கியவனுக்கு அதுவும் இல்லை. எந்த ஆசிரியரிடம் சேர்வது, எவருடைய குறிப்பு நூலை வாங்குவது, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் படிப்பது என்பனவே அவர் நம்மிடம் கேட்ட கேள்விகள். அவற்றிற்கு நாம் உடனே விடை கூற இயலவில்லை. ஆனால் அன்றிரவு முழுதும் நமது நினைவு, இந்நகரிலேயே நாற்பதாண்டு வாழ்ந்து மறைந்த ஒருவரைச் சுற்றியே சென்றது. அவரும் தொழிற்பரீட்சை ஒன்றின் வாயிலிலே நின்று திரும்பியவர்.

ஸ்ரீ அரவிந்தரை யோகியென்றும் தேசபக்தரென்றும் உலகம் அறியும். யோகத்தைப் பற்றிப் பேச இது இடமன்று. நமக்கு அத்தகுதியும் இல்லை. மாணவராகிய அரவிந்த கோஷையே இங்கு நம் அன்பர்களுக்கு அறிமுகஞ் செய்விக்க விரும்புகின்றோம்.

அவர் 1872ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணதன கோஷ் சீமையில் பயின்று வந்த மருத்துவர். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர். தம் மக்கள் இந்தியச் சாயலே படியாமல் ஆங்கிலேயராக வளரவேண்டுமென்பது அவருடைய தீவிர ஆசை. ஆகவே, ஐந்து வயதில் டார்ஜிலிங்கில் லொரெட்டோ கன்னிமாடத்துப் பள்ளியிலும், ஏழாம் வயதில் இங்கிலாந்திலுமாகப் பிள்ளை அனுப்பப்பட்டார். மான்செஸ்டர் நகரில் துரூவெட் என்னும் பாதிரியார் இல்லத்தில் தமையன்மார் இருவரோடும் தங்கினார். தமையன்மார் பள்ளிக்குச் சென்றனர். இளையவருக்கு வீடே பள்ளியாயிற்று. பாதிரியார் இலத்தீன் கற்பித்தார். அவர் மனைவியார் பிரெஞ்சும் கணக்கும் பூகோளமும் கற்பித்தார்.

1884இல் இலண்டன் செயின்ட் பால் பள்ளியிற் சேர்ந்தபொழுது, தலைமையாசிரியர் வாக்கர் இவருடைய இலத்தீன் அறிவைக் கண்டு மகிழ்ந்து, கிரேக்க மொழியைத் தாமே முன்னின்று கற்பித்து மேல்வகுப்புகளுக்கு விரைந்து ஏற்றினார். ஆனால் பள்ளியின் கடைசி ஆண்டுகளில் ஆசிரியர்கள் குறைகூறத் தொடங்கினர். பிள்ளை சோம்பலாகிவிட்டான், தன் திறமையைப் பாழாக்குகின்றான் என்பது அவர்கள் எண்ணம். உண்மையில் அவர் பாடங்களை ஒதுக்கிவிட்டுக் கவிதையும் கதையும் ஐரோப்பிய சரித்திரமும் படித்துக்கொண்டிருந்தார்; இத்தாலியமும் சிறிது ஜெர்மனும் தாமே கற்றுக்கொண்டிருந்தார். வகுப்பிற்குரிய பாடத்தை அவருக்குச் சிறிது நேரமே போதியதாயிருந்தது. நம் மாணவர்கள் இதனைத் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டா. பாடத்தை விட்டவர் வேறொன்றைப் பற்றியிருந்தார் என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

அக்காலத்தில் வறுமை அவர்களை வாட்டியது. தந்தையார் அனுப்பும் பணம் குறைந்து, பின்னர் ஒழுங்கின்றியும் போயிற்று. தென் கென்சிங்டனில் ஒரு சங்கத்தின் அலுவலக அறையில் சகோதரர் தங்கினர். காலையில் ஓரிரு ரொட்டித் துண்டும் வெண்ணெயும் ஒரு கோப்பைத் தேநீரும். மாலையில் ஒரு பென்னி விலையுள்ள மாமிசப் பண்டம். ஓராண்டுக்காலம் ஏறக்குறைய இதுவே ஆகாரம். குளிர்காலத்தில் கணப்பு இல்லை, மேலங்கியும் இல்லை. இந்நிலையிலிருந்தே அவர் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் புலமைப் பரிசுக்கு எழுதி, ஆண்டிற்கு 80 பவுன் உதவித்தொகை பெற்றார். 1890இல் இந்திய சிவில் சர்வீஸ் போட்டிப் பரீட்சையிலும் 11ஆம் இடத்தில் தேறினார். தந்தையாரின் கனவு கைகூடியதென்றே எவரும் எண்ணியிருப்பர்.

அப்பரீட்சை ஒரே நாளில் முடிவதன்று. நுழைவுப் போட்டியில் தேறியவர் ஈராண்டு பயிற்சி மாணவராயிருந்து, சட்டம், இந்திய சரித்திரம், பொருளாதாரம், இந்திய மொழிகள் முதலியவற்றில் இடையிடையே பரீட்சை கொடுத்துவரல் வேண்டும். அரவிந்தர் அவற்றோடு கல்லூரியின் கிரேக்க இலத்தீன் படிப்பையும் ஒருங்கே சுமந்தார். 1892இல் டிரைபாஸ் பரீட்சையின் முதற்பகுதியில் முதல் வகுப்பில் தேறினார். கிரேக்க இலத்தீன் கவிதைகளுக்குப் பரிசுகளும் பெற்றார். சிவில் சர்வீஸ் இறுதிப் பரீட்சையிலும் ஏட்டுப் படிப்பு அனைத்திலும் தேறினார். எஞ்சியது குதிரையேற்றம் ஒன்றே.

முதன்முறை அதில் தவறினார். மறுபடியும் பலமுறை நாள் குறிக்கப்பட்டது. குறித்த இடத்திற்கு அவர் வரவில்லை. கடைசித் தவணையன்று ஊல்விச்சுக்குச் செல்லவேண்டியவர் இலண்டன் தெருக்களிலே திரிந்துவிட்டு வீடு திரும்பினாரென்பர். 1892ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தகுதியற்றவரெனத் தள்ளப்பட்டார். கல்லூரி ஆசிரியர் பிராதெரோவும் நண்பர் ஜேம்ஸ் காட்டனும் இவருக்காக வாதாடினர். வறுமையிலும் இவர் கொண்ட உழைப்பையும் ஒழுக்கத்தையும் எடுத்துக்காட்டினர். இந்திய மந்திரி கிம்பர்லி பிரபு இணங்கவில்லை.

வேண்டுமென்றே தவறினாரா என்பது பழைய வினா. அவ்வுத்தியோகத்தில் தமக்கு மனமில்லை என்றும், வெளிப்படையாய் மறுக்கக் குடும்பத்தார் இடங்கொடாராதலின் இவ்வழியைத் தேடினாரென்றும் பிற்காலத்தில் அவரே தெரிவித்தார். ஆயினும் அப்பொழுது வயது 20, கையில் பணமில்லை, டிரைபாஸில் முதல் வகுப்புப் பெற்றும், பட்டத்திற்கு மூன்றாண்டு தங்கவேண்டுமாதலின் அதுவும் இல்லை. தந்தையாருக்கோ இன்னுங் கொடுமையான முடிவு காத்திருந்தது. மகன் ஏறிவந்த கப்பல் போர்ச்சுக்கல் கரையருகே மூழ்கியதெனத் தவறான செய்தி வந்தது. அவ்வதிர்ச்சியில் அவர் உயிர் நீத்தார். மகன் ஏறியது வேறு கப்பல். 1893 பிப்ரவரியில் அது சுகமாகப் பம்பாய் சேர்ந்தது. பரீட்சைத் தோல்வியைப் பெருமைப்படுத்தி எழுதுவோர் இப்பகுதியைப் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகின்றனர். நமக்கு அவ்வாறு கடக்க மனம் வரவில்லை.

அச்சமயம் இலண்டனுக்கு வந்திருந்த பரோடா மகாராஜா சாயாஜிராவ், மாதம் 200 ரூபாய் சம்பளத்தில் அவரைத் தம் சமஸ்தானத்தில் அமர்த்திக்கொண்டார். சிவில் சர்வீஸில் தேறிய அறிவை இவ்வளவு மலிவாகப் பெற்றதில் மகாராஜாவுக்குத் திருப்தி மிகுதி. முதலில் நில அளவை இலாகா. பின்னர் முத்திரைத்தாள் இலாகா, வருவாய்க் கச்சேரி. அதன்பின் தலைமைச் செயலகம். கணக்கும் வரியும் நிரம்பிய அக்கச்சேரிகளில் அவர் மனம் தங்கியதாகத் தெரியவில்லை.

இங்குதான் நமக்கு வேண்டிய பகுதி தொடங்குகின்றது. இருபது வயதில் இந்தியா திரும்பிய அவருக்குத் தாய்மொழியாகிய வங்காளம் சரளமாகப் பேச வராது. கேம்பிரிட்ஜில் வங்காளம் கற்பித்த ஆங்கில ஆசிரியர், பங்கிம் சந்திரர் எழுதிய பகுதியொன்றைக் காட்டியபொழுது அது வங்காளமே அன்றென்று கூறிவிட்டாரென ஒரு கதையுண்டு. அத்தகைய படிப்பை நம்பியிராமல் அரவிந்தர் தாமே முயன்றார். பின்னர்ப் பேச்சு வழக்கினைப் பழகுவதற்காகத் தீனேந்திர குமார ராய் என்னும் எழுத்தாளரைத் தம்மோடு வந்து தங்கச் செய்தார். இரவில் கொசுக்கடியையும் பொருட்படுத்தாது, விளக்கொளியில் நெடுநேரம் அசையாமல் படித்திருப்பாரென ராய் எழுதி வைத்துள்ளார். பம்பாய்ப் புத்தகக் கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாக நூல்கள் வரும்.

வடமொழியை ஆசிரியர் துணையின்றியே கற்றார். இலக்கணத்தை முற்றும் உருப்போட்டுவிட்டுப் பின்பு இலக்கியத்திற்கு வருவது நம் நாட்டு வழக்கம். அவரோ மகாபாரதத்து நளோபாக்கியானத்தை எடுத்துவைத்து, அதனையே மிக நுணுக்கமாகப் பலமுறை படித்தார். சொல்லும் இலக்கணமும் அப்பாடத்தினின்றே திரண்டு வந்தன. பத்து நூல்களை ஒருமுறை புரட்டுவதினும் ஒரு நூலைப் பத்துமுறை கூர்ந்து படிப்பதில் அவர் நம்பிக்கை வைத்தார். சில ஆண்டுகளில் காளிதாசனின் விக்கிரமோர்வசியத்தை ஆங்கிலத்தில் ஆக்கும் அளவிற்கு அது பயன் தந்தது.

பரோடாக் கல்லூரியில் முதலில் பிரெஞ்சும் பிறகு ஆங்கிலமும் போதித்தபொழுது, மாணவர்களின் வழக்கம் அவருக்கு வியப்பளித்தது. ஆசிரியர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு நெட்டுருப் போடுவதை அவர் இங்கிலாந்தில் கண்டதில்லை. ஒருநாள், அவர் கூறியது அச்சிட்ட குறிப்பு நூலுக்கு மாறாயிருக்கின்றதென மாணவர் முறையிட்டனர். அக்குறிப்புகளைத் தாம் படித்ததே இல்லையென்றும், அவை பெரும்பாலும் பயனற்றவையென்றும் அவர் மறுமொழி கூறினார். பரீட்சைக்கு அஞ்சும் மாணவர்க்கு இம்மறுமொழி எவ்வளவு கலக்கம் தந்திருக்குமென்று நினைக்க நமக்குச் சிறிது நகையும் வருகின்றது.

இவ்வனுபவமெல்லாம் 1910இன் தொடக்கத்தில் கர்மயோகின் பத்திரிகையில் அவர் தேசியக் கல்வியைப் பற்றி எழுதிய கட்டுரைகளில் உருப்பெற்றது. எதனையும் ஒருவர் மற்றொருவருக்குப் புகட்டிவிட முடியாது; ஆசிரியர் வழிகாட்டித் துணைநிற்பவரே. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும். நினைவாற்றல், திரும்பத் திரும்பச் சொல்வதால் வளர்வதன்று. ஒப்புமை வேற்றுமைகளைக் கூர்ந்து காண்பதால் வளர்வது. நாளொன்றில் பல பாடங்களைத் துணுக்குத் துணுக்காகப் பயில்வதினும், ஒன்றிரண்டை முழுமையாகப் பற்றி முடித்து மேற்செல்லும் பழைய முறையே நன்று. இவை அக்கட்டுரைகளின் சாரம்.

கணக்காயர் பரீட்சைக்கு இக்கடைசிக் கருத்து முற்றும் பொருந்துமோ என்பது நமக்கு ஐயமே. பல தாள்களை ஒரே தவணையில் எழுதி, மொத்த மதிப்பெண்ணும் காட்டவேண்டியவன் ஒன்றைமட்டும் பற்றியிருத்தல் ஆபத்து. ஆயினும் முதல் நூலுக்கே நேரே செல்வது என்னும் அவருடைய வழக்கத்தை நம் நண்பர் கவனிக்கலாம். பற்று வரவு விதிகளைக் குறிப்பு நூலில் நூறுமுறை படித்தவர், நமது நேரு வீதிக் கடையொன்றின் பேரேட்டைத் திறந்து, ஒரு மாதத்துக் கணக்கைத் தாமே இருப்புக்கட்டிப் பார்த்திருப்பாரோ? சட்டத்தின் மூலத்தைப் படித்தாரோ, அதன் சுருக்கத்தின் சுருக்கத்தைப் படித்தாரோ? நாம் கேட்டபொழுது அவர் விடை கூறாமல் சிரித்தார்.

பரோடாவில் பதின்மூன்றாண்டு கழித்து அரவிந்தர் 1906இல் கல்கத்தா சென்றதும், வந்தேமாதரம் பத்திரிகையும், 1908இல் அலிப்பூர்ச் சிறையும் நாடறிந்தவை. ஒன்று மட்டும் கூறுவோம். அவ்வழக்கை விசாரித்து 1909இல் அவரை விடுதலை செய்த நீதிபதி பீச்கிராஃப்ட், 1890இல் அவரோடு அதே சிவில் சர்வீஸ் போட்டிக்கு எழுதித் தேறியவர். கிரேக்கத் தாளில் அரவிந்தருக்கு அடுத்தபடி நின்றவர். பரீட்சையில் முற்றுந் தேறியவர் நீதிபீடத்திலும், குதிரையால் தவறியவர் குற்றவாளிக் கூண்டிலுமாக அவ்விருவரும் எதிரெதிரே இருந்தனர்.

1910 ஏப்ரல் 4ஆம் நாள் டூப்ளெக்ஸ் என்னும் கப்பலில் அரவிந்தர் நம் நகரத் துறையில் வந்திறங்கினார். முன்னரே இங்கு வந்திருந்த பாரதியாரும் சீனிவாசாச்சாரியாரும் அவருக்கு வேண்டியன செய்தனர். முதலில் கோமுட்டிச் செட்டித் தெருவில் கலவை சங்கரஞ் செட்டியார் இல்லத்து மாடியில் சில மாதம் தங்கினார். பின்பு வெவ்வேறு வாடகை வீடுகளில் இருந்து, 1913இல் பிரான்சுவா மர்த்தேன் தெரு வீட்டிற்குக் குடிபெயர்ந்தார். உடனிருந்த வங்காள இளைஞர் சிலர் படிப்பை நடுவில் விட்டு வந்தவர்கள். ஆளுக்கொரு பாய், விளக்கிற்கும் தட்டுப்பாடு. அந்நிலையிலும் மாதந்தோறும் புத்தகத்திற்கென ஒரு சிறு தொகை ஒதுக்கப்பட்டது.

அவ்விளைஞருள் ஒருவர் நளினி காந்த குப்தர். அவருக்கு அரவிந்தர் கிரேக்கம் கற்பித்த வகை, தாம் பரோடாவில் வடமொழி கற்ற வகையேயாகும். எழுத்து அறிந்தவுடன் யூரிபிடீஸின் மெடீயா நாடகமும் சோபோக்கிளீஸின் ஆன்டிகனியும் கையில் வைக்கப்பட்டன. இலத்தீனுக்கு வர்ஜிலின் பெருங்காப்பியம், இத்தாலியத்திற்குத் தாந்தே. பாலபாடம் என்பதே இல்லை. மாணவர் தட்டுத்தடுமாறி ஒவ்வோர் அடியாக ஏறினார். வந்த இடத்தில் வந்த இலக்கணம் விளக்கப்பட்டது. ரிக் வேதமும் அங்கே படிக்கப்பட்டது; அவ்வாசிப்பில் பாரதியாரும் உடனிருந்தார்.

ஆசிரியரும் அவ்வமயம் மாணவராகவே இருந்தார். நாற்பதை அணுகும் வயதில் அரவிந்தர் பாரதியாரின் துணைகொண்டு தமிழ் கற்கலானார். தமிழ்ச் சொற்களை ஆராய்ந்தமை, வேதமொழியைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சிக்கே புதிய வழி திறந்ததெனப் பின்னர் எழுதியுள்ளார். 1914 ஆகஸ்டில் அவர் தொடங்கிய ஆரியா என்னும் மாதப் பத்திரிகையில், அடுத்த ஆண்டிலேயே ஆண்டாள், நம்மாழ்வார், குலசேகரர் பாசுரங்கள் சில ஆங்கில உருவில் வெளிவந்தன. மாதம் 64 பக்கம் கொண்ட அப்பத்திரிகையை 1921 ஜனவரி வரை, பெரும்பாலும் தாம் ஒருவராகவே தட்டச்சுப் பொறியின் முன்னமர்ந்து நிரப்பி வந்தார்.

1950ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் அவர் இந்நகரிலேயே மறைந்தார். மெடீயா நாடகத்தைத் தட்டுத்தடுமாறிப் படித்த நளினி காந்தர் பின்னர் வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் பல நூல்களை எழுதி, ஆசிரமத்தின் செயலாளராய் நெடுநாள் இருந்து, 1984இல் காலமானார். பிரான்சுவா மர்த்தேன் தெருவில் அவ்வீடு இன்றும் இருக்கின்றது. நம் நண்பர் அடுத்த தவணைக்கு மனு அனுப்பிவிட்டார். சென்ற வாரம் அவரைக் கண்டபொழுது அவர் கையிலிருந்தது குறிப்பு நூலன்று, கம்பெனிச் சட்டத்தின் மூலம்.