மறைநூலில் வழி கண்ட சிறுமலர்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் நாளன்று, கையில் பாடுபட்ட சுரூபமும் ரோஜா மலர்களும் ஏந்திய இளங்கன்னி ஒருவரின் சுரூபத்துக்கு மாலை சூட்டி மகிழ்கிறோம். சிறுமலர் என்றும் குழந்தை இயேசுவின் தெரேசம்மாள் என்றும் நாம் அன்போடு அழைக்கும் அப்புனிதையை அறியாத கத்தோலிக்க இல்லம் நம்மிடையே அரிது. ஆனால் ரோஜா மலர்களை நினைவில் வைத்திருக்கும் நாம், இரவும் பகலும் அவர் தம் நெஞ்சருகே வைத்திருந்த சிறிய நூலை மறந்துவிடுகிறோம். அது நற்செய்தி நூல். சலவைத் தொட்டியருகிலும் சாப்பாட்டு அறையிலும் ஒரு நாளை எப்படி நடத்துவது என்பதை அவர் அந்நூலில் தேடினார், கண்டும் கொண்டார். அவர் கண்ட விதத்தை அறிந்தால் நமக்கும் பயன் உண்டு.

பிறப்பும் இளமையும்

பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியிலுள்ள அலான்சோன் நகரில், 1873-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் தெரேசா பிறந்தார். தந்தை லூயி மார்ட்டின் கடிகாரத் தொழில் செய்தவர். தாய் செலி அம்மையார் அந்நகருக்கே புகழ் தேடித்தந்த லேஸ் பின்னல் தொழிலை நடத்தியவர். ஒன்பது பிள்ளைகளுள் நால்வர் இளமையிலேயே இறந்துவிட, மரி, போலின், லெயோனி, செலின், தெரேசா என்னும் ஐந்து பெண் மக்கள் எஞ்சினர். தெரேசா கடைக்குட்டி.

நான்கு வயதிலேயே அவருக்குத் தாயை இழக்கும் துயரம் நேர்ந்தது. 1877 ஆகஸ்டு 28 அன்று புற்றுநோயால் தாயார் காலமானார். தந்தை மக்களுடன் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தார். துள்ளித் திரிந்த குழந்தை அன்று முதல் தொட்டாற்சிணுங்கியாக மாறினாள். ஒரு சொல் கடுமையாகக் கேட்டாலும் அழுகை. அழுததை எண்ணி மீண்டும் அழுகை.

எட்டரை வயதில் ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். ஞானோபதேசத்தில் முதலிடம், கணக்கிலும் எழுத்துப் பிழையின்றி எழுதுவதிலும் மட்டும் சற்றுப் பின்தங்கல்! வயதில் மூத்த மாணவியர் இருந்த வகுப்பில் இச்சிறுமி முன்னே நின்றது ஒரு மாணவிக்குப் பிடிக்கவில்லை. அவள் கொடுத்த தொல்லைகளை எதிர்க்கத் தெரியாமல் தெரேசா மறைவில் அழுதார். அங்குப் பயின்ற ஆண்டுகளையே தம் வாழ்வின் சோகமான காலமாகப் பிற்காலத்தில் அவர் குறிப்பிட்டார். புனிதர்களுக்குப் பள்ளி நாட்கள் எல்லாம் இன்பமாகவே கழிந்திருக்கும் என்று எண்ணுகிற நமக்கு இது ஓர் ஆறுதல்.

1886-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் ஒரு மாற்றம் வந்தது. நடுச்சாமப் பூசை முடிந்து வீடு திரும்பியபோது, கடைக்குட்டிக்காகக் காலணிகளில் பரிசு வைக்கும் வழக்கம் இந்த ஆண்டோடு முடியட்டும் எனத் தந்தை களைப்பில் சொன்னது அவர் காதில் விழுந்தது. கண்ணீர் முட்டியது. எனினும் அதை அடக்கிக்கொண்டு, படியிறங்கி வந்து, தந்தையின் முன் சிரித்த முகத்துடன் பரிசுகளைப் பிரித்தார். மிகச் சிறிய செயல். ஆனால் தம்மை மறந்து பிறரை மகிழ்விக்கும் வாழ்வு அன்று தொடங்கியதாக அவர் உணர்ந்தார்.

கார்மேல் மடத்தில்

அக்காமார் போலினும் மரியும் லிசியேயிலுள்ள கார்மேல் மடத்தில் முன்னரே சேர்ந்திருந்தனர். தங்கையும் பதினைந்தாம் வயதிலேயே சேர விரும்பினார். மேலதிகாரிகள் தயங்கினர். உரோமைக்கு யாத்திரை சென்ற தெரேசா, 1887 நவம்பர் 20 அன்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரின் பாதத்தருகே முழந்தாளிட்டு, பேசக்கூடாது என்ற தடையையும் மீறித் தம் வேண்டுதலைச் சொன்னார். ஆயரின் அனுமதி பின்னர் கிடைக்க, 1888 ஏப்ரல் 9 அன்று மடத்தில் நுழைந்தார்.

உள்ளே காத்திருந்தவை குளிர், வேலை, மௌனம், செபத்தில் வறட்சி. வெளியே அருமைத் தந்தை மூளை நோயால் பாதிக்கப்பட்டு, 1889-இல் கான் நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஊரார் பேச்சு மக்களின் மனத்தைக் குத்தியது. அந்நாட்களில் எசாயா நூலின் 53-ஆம் அதிகாரம் தெரேசாவுக்குத் துணையாயிற்று. அழகும் மதிப்பும் இழந்து, பார்ப்போர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலையில் நின்ற துன்புறும் ஊழியனைப் பற்றி அங்கே வாசித்தார். அந்த முகம் இயேசுவின் முகம் என்றால், நோயால் மாறிப்போன தந்தையின் முகமும் அவமானத்துக்குரியது அன்று எனத் தெளிந்தார். குழந்தை இயேசுவின் தெரேசா என்ற துறவறப் பெயருடன் திருமுகத்தின் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

செலினின் நோட்டுப் புத்தகம்

ஒரு செய்தி நம்முள் பலருக்கு வியப்பளிக்கலாம். விவிலியம் முழுவதும் தெரேசாவின் கையில் இருக்கவில்லை. இளம் கன்னியர் பழைய ஏற்பாட்டை முழுமையாக வாசிக்கும் வழக்கம் அக்காலத்து மடங்களில் இல்லை. 1894-இல் தந்தை இறந்தபின், அவரைப் பேணிவந்த செலின் அக்காவும் செப்டம்பரில் அதே மடத்தில் சேர்ந்தார். வரும்போது, பழைய ஏற்பாட்டிலிருந்து தாம் கைப்பட எழுதி வைத்திருந்த பகுதிகள் அடங்கிய ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுவந்தார். தெரேசா அதை ஆவலோடு வாங்கி வாசித்தார்.

அப்போது அவர் மனத்தில் ஒரு பெரிய கேள்வி இருந்தது. புனிதையாக வேண்டும் என்பது ஆசை. ஆனால் பெரும் புனிதர்கள் மலை உச்சி என்றால் தாம் காலடி மணல் என்று தோன்றியது. கடும் தவங்கள் செய்யத் தமக்குப் பலமில்லை. ஆசையைக் கைவிடுவதா? அல்லது தம்மால் ஆகாத ஏணியில் ஏறி விழுவதா?

நோட்டில் இரண்டு இடங்கள் அவர் கண்ணில் பட்டன. ஒன்று நீதிமொழிகள் 9-ஆம் அதிகாரத்தில், சிறியவர்களை ஞானம் தன்னிடம் அழைக்கும் இடம். மற்றொன்று எசாயா 66-ஆம் அதிகாரத்தில், தாய் தன் குழந்தையைச் சீராட்டுவது போல இறைவன் தம் மக்களைத் தாங்குவதைக் கூறும் இடம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்; விடை கிடைத்தது. செல்வர் வீடுகளில் படிக்கட்டுக்குப் பதிலாக லிப்ட் அமைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. இயேசுவின் கரங்களே தம்மை மேலே தூக்கிச் செல்லும் லிப்ட் என்று கண்டார். அதற்குத் தாம் வளர்ந்து பெரியவராக வேண்டியதில்லை. சிறியவராகவே இருந்தால் போதும். உலகம் இன்று சிறிய வழி என்று போற்றும் பாதை இவ்வாறு, அக்கா எழுதிய நோட்டிலிருந்து பிறந்தது.

அடுத்த அதிகாரத்தையும் வாசித்தவர்

1896-ஆம் ஆண்டு செப்டம்பரில் வேறொரு ஏக்கம் அவரை வாட்டியது. வேதபோதகராக வேண்டும், மறைசாட்சியாக வேண்டும், குருவாகவும் அப்போஸ்தலராகவும் வேண்டும் எனப் பல ஆசைகள். அடைபட்ட மடத்திலிருக்கும் ஒரு பெண்ணுக்கு இவற்றுள் எது நடக்கும்? விடை தேடிப் புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தை எடுத்தார். 12-ஆம் அதிகாரம் தெளிவாகவே பதில் சொன்னது: எல்லாரும் எல்லாமாக இருக்க இயலாது, உடலின் உறுப்புகள் பல, அவற்றின் பணிகளும் பல. பதில் புரிந்தது, மனம் அமைதி அடையவில்லை.

இந்த இடத்தில் நாமாயிருந்தால் புத்தகத்தை மூடியிருப்போம். அவர் சோர்வடையாமல் மேலும் வாசித்தார். 13-ஆம் அதிகாரம் வந்தது. எத்தனை பெரிய வரங்கள் இருந்தாலும் அன்பு இல்லையேல் பயனில்லை என்று அங்கே கண்டார். உடலுக்கு உறுப்புகள் பல இருந்தால், இதயமும் ஒன்று இருக்கத்தானே வேண்டும்? திருச்சபையின் இதயத்தில் அன்பாக இருப்பதே தம் அழைத்தல் என்று முடிவு செய்தார். அவருடைய அமைதி ஒரு பக்கம் தள்ளியிருந்தது, அவ்வளவுதான்.

அன்றாடம் கண்ட வழிகள்

நோய் முற்றிய 1897-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மடத்துத் தாயாரின் கட்டளைப்படி தம் நினைவுகளை எழுதினார். நற்செய்தி அவருக்கு எவ்வளவு நடைமுறைக்கு உதவும் நூலாக இருந்தது என்பதை அந்த ஏடுகளில் பார்க்கிறோம்.

இயேசு தாம் அன்பு செய்தது போலவே ஒருவரையொருவர் அன்பு செய்யக் கட்டளையிட்டதை வாசித்தபோது, அவர் தம் சீடரை எப்படி அன்பு செய்தார் என்று தெரேசா யோசித்தார். அவர்கள் குறைகள் நிறைந்த எளிய மீனவர்கள். ஆயினும் நண்பர்கள் என்ற உரிமை பெற்றார்கள். ஆகவே பிறர் குறையைப் பொறுப்பதும், அவர்கள் தவறும்போது ஆச்சரியப்படாதிருப்பதும், அவர்களிடமுள்ள சிறு நன்மையையும் கண்டு மகிழ்வதுமே அன்பு என அறிந்தார்.

விளக்கைத் தண்டின்மேல் வைத்தால் வீட்டிலுள்ள எல்லாருக்கும் ஒளி தரும் என்ற பகுதியில், எல்லாருக்கும் என்பதே அவர் மனத்தில் பதிந்தது. பிடித்தவர்களுக்கு மட்டும் ஒளி தருவது விளக்கின் இயல்பு அல்லவே! மடத்தில் ஒரு சகோதரியின் குணமும் பேச்சும் போக்கும் அவருக்கு இயல்பாகவே பிடிக்கவில்லை. அச்சகோதரிக்கு இயன்ற உதவியெல்லாம் செய்தார். சுடச்சுடப் பதில் சொல்லத் தோன்றும்போது புன்னகை செய்தார். ஒருநாள் அச்சகோதரியே, தம்மிடம் என்ன கவர்ச்சியைக் கண்டு இப்படி முகம் மலர்கிறார் என்று தெரேசாவைக் கேட்டாராம்!

விருந்துக்கு உறவினரையும் செல்வரையும் விடுத்து ஏழைகளையும் முடவரையும் அழைக்கச் சொன்ன போதனையை, பொழுதுபோக்கு நேரத்துக்குரியதாக எடுத்துக்கொண்டார். எவரும் அருகில் அமர விரும்பாத சகோதரியைத் தேடிச் சென்று பேசுவதே அவர் கொடுத்த விருந்து. கேட்பவருக்குக் கொடு, எடுத்ததைத் திருப்பிக் கேளாதே என்ற போதனை, தூரிகையையோ பேனாவையோ பிறர் எடுத்துச் செல்லும்போது நினைவுக்கு வந்தது. கேட்டு வாங்குவோருக்குக் கொடுப்பதைவிட, கேளாமல் எடுத்துச் செல்வோரைப் பொறுப்பது கடினம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

துணி துவைக்கையில் எதிரே நின்றவர் அழுக்கு நீரை முகத்தில் தெறிக்கச் செய்தபோது, விலகாமல் நின்றார். செபநேரத்தில் பின்னாலிருந்து விசித்திரமான ஒலி எழுப்பிய சகோதரியைத் திரும்பிப் பார்க்கத் துடித்த கழுத்தை, வியர்வை வழிய அடக்கினார். நோயுற்ற முதியவர் ஒருவரைத் தினமும் மாலையில் தாங்கிப்பிடித்து உணவறைக்கு அழைத்துச் சென்றார். அவர் ரொட்டியை வெட்டச் சிரமப்படுவதைக் கண்டு, யாரும் சொல்லாமலே வெட்டிக் கொடுத்து, புன்னகையோடு விடைபெற்றார். அன்பைப் பற்றித் தோட்டத்தில் அமர்ந்து எழுதும்போதே, பேச்சுக் கொடுக்க வந்த சகோதரியர் எத்தனையோ முறை இடையூறு செய்தனர். எழுதிய பாடத்தை அங்கேயே நடத்திக் காட்ட வேண்டியதாயிற்று.

இருளில் ஏந்திய நூல்

இவையெல்லாம் இனிய ஆறுதல்களின் நடுவே கிடைத்தவை என்று எண்ணிவிடக் கூடாது. 1896 பெரிய வியாழன் இரவில் முதன்முறையாக அவர் வாயிலிருந்து இரத்தம் வந்தது, காசநோய். அந்தப் பாஸ்குக் காலத்திலேயே உள்ளத்திலும் இருள் சூழ்ந்தது. மோட்சத்தைப் பற்றிய எண்ணம் இன்பம் தரவில்லை. வானுக்கும் தமக்கும் நடுவே சுவர் எழும்பியது போலிருந்தது. கொரிந்தியர் நிருபத்தில் அழைத்தலைக் கண்டதும், அன்பைப் பற்றிய ஏடுகளை எழுதியதும் இந்த இருளில்தான். உணர்ச்சி வற்றியபோதும் வாசித்ததைச் செய்வதை அவர் நிறுத்தவில்லை. பேனா பிடிக்க வலுவற்றுப்போன கை, கடைசிப் பக்கங்களைப் பென்சிலால் எழுதியது. 1897 செப்டம்பர் 30 அன்று, இருபத்து நான்காம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

ஓராண்டுக்குப்பின் அவர் எழுதியவை நூலாகி, 2,000 பிரதிகள் அச்சாயின. பின்னர் உலக மொழிகள் பலவற்றிலும் பரவின. 1925 மே 17 அன்று திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 1927-இல், நம் முத்துக்குளித் துறைக் கரையெங்கும் நடந்து மறை போதித்த சவேரியாருக்கு இணையாக, மடத்தைவிட்டு வெளியே செல்லாத இவரும் வேதபோதக நாடுகளின் பாதுகாவலியானார். பள்ளியில் எழுத்துப் பிழை செய்த அம்மாணவியை, 1997 அக்டோபர் 19 அன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் திருச்சபையின் மறைவல்லுநராக உயர்த்தினார். பெற்றோர் லூயியும் செலியும் 2015-இல் ஒருங்கே புனிதராயினர்.

நமக்கு

நம் வீடுகளில் விவிலியம் முழுமையாகவே இருக்கிறது. பெரும்பாலும் கண்ணாடி அலமாரியில். தெரேசாவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதுமாயிருந்தது. சில வரிகளை வாசித்து, இன்று யாரிடம் இதைச் செய்வது என்று அவர் கேட்டார். வகுப்பில் நம் பக்கத்தில் அமர்பவர் எல்லாரும் நமக்குப் பிடித்தவராக இருப்பதில்லை. வாங்கிய பேனா திரும்பி வருவதுமில்லை. வீட்டில் பாட்டியம்மாவின் தட்டில் யாராவது உணவைப் பிசைந்து வைக்கக் காத்திருக்கலாம். அன்புப் பெற்றோரே, தோழியரே, இன்றிரவு செபமாலை முடிந்ததும் நற்செய்தியில் ஒரு பகுதியை வாசிப்போம். அது விளங்கவில்லை என்றால் மூடிவிடாமல் அடுத்த பக்கத்தையும் திருப்புவோம். நாளைக் காலை அதில் ஒன்றையேனும் செய்து பார்ப்போம்.