காந்திகிராமம் தந்த டாக்டர் அம்மா

ஓசூரில் வாழும் நமக்கு டி.வி.எஸ். என்ற பெயர் புதிதன்று. 1980-ஆம் ஆண்டு டி.வி.எஸ். 50 வண்டி நம் ஊர்த் தொழிற்சாலையிலிருந்தே வெளிவந்தது. அந்தக் குழுமத்தை நிறுவிய மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்காரின் செல்வ மகள்தான் டாக்டர் சௌந்தரம் அம்மையார்.

அம்மையார் 1904 ஆகஸ்டு 18-ஆம் நாள் நெல்லைச் சீமையிலுள்ள திருக்குறுங்குடியில் பிறந்தார். அக்கால வழக்கப்படி 14 வயதிலேயே அவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் டாக்டர் சௌந்தரராஜன் 1925-இல் பிளேக் நோய்க்குப் பலியானார்.

கைம்பெண்ணுக்கு வீட்டு மூலையே கதி என்றிருந்த காலம் அது. அம்மையாரோ கல்வியைத் துணையாகக் கொண்டார். டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936-இல் டாக்டரானார். காந்தியடிகளின் தொண்டில் ஈடுபட்டார். 1940-இல் சேவாகிராமத்தில், அண்ணலின் முன்னிலையில் ஜி. இராமச்சந்திரனை மறுமணம் புரிந்தார்.

நகரத்தில் மருத்துவம் பார்த்திருந்தால் பொருளும் புகழும் குவிந்திருக்கும். அவர் கிராமத்தையே நாடினார். 1947-இல் கணவருடன் சேர்ந்து, திண்டுக்கல் அருகே சின்னாளப்பட்டியை அடுத்துக் காந்திகிராமத்தை நிறுவினார். இரண்டு படுக்கைகளுடன் தொடங்கிய சிறு மருத்துவ விடுதி கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. நூல் நூற்கவும், நோயாளிகளைப் பேணவும், பாடம் சொல்லித் தரவும் கிராமப் பெண்கள் அங்கே பயிற்சி பெற்றனர். பிறர் கையை எதிர்பார்த்திருந்தவர்கள் சொந்தக் காலில் நின்றனர். 1956-இல் எழுந்த கிராமியக் கல்வி நிறுவனம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று.

1962-இல் திண்டுக்கல் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். மத்திய அரசில் கல்வித் துணை அமைச்சராகப் பணியாற்றினார். அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தது. 1984-இல் அவர் மறைந்தார்.

தோழியரே, 14 வயது என்பது நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவியின் வயது. பெண்ணுக்குத் திருமண வயது 18 என்று சட்டம் சொல்லியும், நம் மாவட்டத்து மலைக்கிராமங்களில் குழந்தைத் திருமணம் இன்னும் அடியோடு ஒழிந்துவிடவில்லை. தந்தையின் செல்வத்தால்கூட அம்மையாரை இளவயது மணத்திலிருந்தும் கைம்மைத் துயரிலிருந்தும் காக்க முடியவில்லை. அவரை எழுந்து நிற்கச் செய்தது கல்வியே. அவர் ஒருவர் படித்ததால் ஒரு வட்டாரமே வாழ்வு பெற்றது.

அன்புள்ள பெற்றோரே, பெண்ணுக்கு நகை சேர்க்குமுன் படிப்பைச் சேர்த்து வையுங்கள். தாலி கட்டும் நாளைக் குறிக்க அவசரம் வேண்டாம். அவள் பட்டம் பெறும் நாள் முதலில் வரட்டும்!

— பத்தாம் வகுப்பு மாணவி